மழைக்கு மூடிய கிடங்கு

நான் கொடுக்கும் தேத்தண்ணியில் ஒருநாளும் சீனி குறைந்ததில்லை, ஐயா. திருகோணமலைத் துறைமுகத்தில் யாரையும் கேட்டுப் பாருங்கள். கப்பலின் அடிக்கிடங்குக்குள் இறங்கி மூட்டை இறக்குகிறவர்களுக்கு நான் கங்காணி. அவர்கள் வயிறு வாடினால் வேலையும் வாடும் என்பது எனக்குத் தெரியாதா?

ஓய்வு நேரத்துக்கும் நான் எதிரியில்லை. வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுப் போன பிறகு இங்கே எல்லோரும் சட்டம் பேசுகிறார்கள். மூதூர் நிக்கலஸ் தொழில் கந்தோர் அதிகாரிகளிடம் நடையாய் நடந்து அந்த ஓய்வை வாங்கினான். நானும் தலையாட்டினேன். ஆனால் ஏணியேறி மேலே வருகிறவர்கள் கடையடியில் கதையில் இருந்துவிடுவார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டைத் தண்ணீர் வற்றும். அதனால் ஏணியை மேலே இழுத்துவிட்டு, தேத்தண்ணியை வாளியில் கிடங்குக்குள் இறக்கினேன். சட்டத்தில் ஓய்வு என்றுதான் இருக்கிறது, எங்கே என்று இல்லை.

“ஓய்வெண்டா மேல வந்து காத்து வாங்கிறது, கங்காணியார். உள்ளுக்கை மருந்து மணக்குது,” என்றான் நிக்கலஸ். கோதுமையில் புழு விழாமல் அடித்த மருந்து. எனக்கும் மணந்தது.

“இருந்து குடி தம்பி, ஆறிப்போகும்,” என்றேன்.

அன்று ஓய்வு தொடங்கியதும் மழை பிடித்தது. மழை வந்தால் ஆட்களை மேலே எடுத்துவிட்டுக் கிடங்கின் வாயைத் தார்ப்பாய்ப் படங்கால் மூடுவது வழக்கம். எடுத்தால் மழை விடும்வரை சும்மா இருப்பார்கள், ஓய்வு இரண்டாகிவிடும். நிக்கலஸும் ஸஹாப்தீனும் இன்னும் இரண்டு பேரும் கீழே இருக்கவே படங்கை இழுத்துக் கட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் இரும்பில் தட்டும் சத்தம் கேட்டது. “கங்காணியார், மூச்செடுக்க ஏலாது. ஸஹாப்தீன் விழுந்திட்டான். ஏணியை விடுங்கோ.” நிக்கலஸின் குரல்.

நடிப்பு என்று நான் நினைத்ததாக விசாரணையில் எழுத வேண்டாம், ஐயா. நடிப்பில்லை என்று தெரியும். கந்தோரில் ஓய்வு கேட்டு எல்லோர் முன்னாலும் என்னைத் தலைகுனிய வைத்த குரல் அது. இப்போது கெஞ்சியது. கேட்க ஆறுதலாகத்தான் இருந்தது.

பிறகு சத்தம் நின்றது. மழையும் விட்டது. ஏணி என் காலடியில் கிடந்தது. அப்போதே இறக்கியிருந்தால் நாலு பேரில் ஒருவனாவது பிழைத்திருப்பான் என்று டாக்குத்தர் சொல்கிறார். ஏன் இறக்கவில்லை என்று நிக்கலஸின் மனைவி றீற்றா கேட்கிறாள். நீங்கள்தான் அவளுக்கு விளங்கப்படுத்த வேண்டும். ஓய்வு முடிய இன்னும் நேரம் இருந்தது. அவன் கேட்டு வாங்கிய நேரம் அது. அதில் ஒரு நிமிடத்தைக்கூட நான் களவெடுக்கவில்லை.