நின்ற பேருந்தில் காயம்

"முதல்ல கை கழுவிட்டு வாடா, சாப்பாடு ஆறுது—"

"பிரேக் பிடிக்கலைக்கா, நான் சொல்றது காதுல—"

"விழுது, விழுது. சாப்பிட்டுக்கிட்டே சொல்லு."

சாப்பாடு ஆறிப்போனால் எனக்குப் பிடிக்காது, ஐயா. அன்று தம்பி தட்டைத் தொடவே இல்லை. பேசும்போதே அவன் வலது கால் மேசைக்கடியில் தரையை அழுத்தி அழுத்தி எடுத்தது. பேருந்து ஓட்டுகிறவன். தூக்கத்திலும் அப்படித்தான் என்று அவன் மனைவி சொல்லியிருந்தாள்.

விசாரிக்க வந்த உங்களுக்கு என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையில் டாக்டர் எழுதுவதைப் படித்து, காயம் எப்படி, எங்கே பட்டது என்பதைக் குறியீடாக மாற்றுவேன். பேருந்துக்குள் இருந்தவருக்கு அடி என்றால் முதலில் பார்ப்பது இதைத்தான்: வண்டி பொதுச்சாலையில் இருந்ததா, பேருந்துகளை நிறுத்திவைக்கும் ஷெட்டுக்குள்ளா? சாலை என்று போட்டால் தகவல் காவல்துறைக்குப் போகும். வண்டியைப் பிடித்துச் சோதிப்பார்கள், ஓட்டுநரை வீட்டுக்கு அனுப்புவார்கள். ஷெட் என்று போட்டால் நின்ற வண்டியில் விழுந்த கணக்கு, யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

ஒரு மேட்டில் தம்பியின் வண்டி பின்னால் நழுவி, ஒரு டீச்சருக்கு இடுப்பு முறிந்தது. ஷெட் என்று போட்டேன். அவன் வேலைக்குப் புதிது, வீட்டில் கைக்குழந்தை. கேஸ் அது இது என்று அலைய வேண்டாம் என அந்த அம்மாளிடமும் பக்குவமாகச் சொன்னேன். அடுத்து அதே வண்டியில் அடிபட்டு ஒருவர் வந்தார். அவருக்கும் அதையே போட்டேன். இதைச் சரியாக எழுதினால் முந்தையது இடிக்கும் அல்லவா?

வண்டியை மாற்றித் தரச்சொல்லித் தம்பி மேனேஜரிடம் போயிருக்கிறான். அவர் எங்கள் மருத்துவமனைக் கணக்கைக் காட்டிச் சிரித்தாராம். "நின்ன பஸ்ல தடுக்கி விழுந்திருக்காங்கப்பா. அதுக்கு பிரேக் என்ன பண்ணும்?"

அதற்காகத்தான் அன்று மல்லுக்கு நின்றான்.

"உள்ளதை எழுதுக்கா. என் வேலை போனாப் போகட்டும். அந்த வண்டியில ஏறவே உடம்பு நடுங்குது."

"சின்னதுல ஊஞ்சலுக்கே அழுதவன்தானே நீ."

"உனக்கு உன் வேலை போயிடும்னு பயம்."

அது அபாண்டம், ஐயா. எனக்கென்று நான் எதையும் செய்துகொண்டதில்லை. மறுநாள், லீவு போடுகிறேன் என்று என் வீட்டிலேயே படுத்திருந்தவனை நானே எழுப்பி, சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

ஷெட்டிலேயே ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளப்பியிருக்கிறான். சரிவில் வண்டி நிற்கவில்லை. வாசலைத் தாண்டி, சாலையைக் குறுக்கே கடந்து, எதிர்ச்சுவரில் மோதியது. முன்னிருக்கைகளில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்.

கோப்புகள் என் மேசைக்கே வந்தன. ஷெட்டில் தொடங்கினாலும் சாலையைத் தொட்டுவிட்டால் அது சாலை விபத்துதான். விதி எனக்குத் தெரியாதா? ஊரே வந்து பார்த்துவிட்டும் போயிருந்தது. ஆனாலும் எல்லாருக்கும் ஷெட் என்றே போட்டேன், பிழைத்தவர்களுக்கும் பிழைக்காதவர்களுக்கும். அதுவரை எழுதியதோடு ஒத்துப்போக வேண்டுமே.

பிறகு மாடி வார்டுக்குப் போனேன். தம்பிக்கு அப்போதுதான் நினைவு திரும்பியிருந்தது. முட்டிக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது. தலையணையைச் சரிசெய்து, "நான் இருக்கிறவரைக்கும் உன்னை யாரும் ஒண்ணும் பண்ண முடியாதுடா" என்றேன். என்னைக் கண்டு பயப்படுகிற மாதிரி பார்த்தான். மயக்க மருந்து அப்படித்தான் செய்யும்.

"கொஞ்சம் தள்ளி நில்லுக்கா. அந்தப் பிள்ளைங்களுக்கு என்னன்னு போட்ட?"