காலைக்காரியும் மத்தியானக்காரியும்

சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல சிஸ்டர். இந்த வார்டுல எல்லாரும் அப்படித்தான் நெனச்சிட்டிருக்காங்க, தெரியும். பக்கத்துக் கட்டில் அக்கா கூட நேத்து மெதுவா கேட்டாங்க, என்ன, பொண்ணுங்களுக்குள்ள சொத்துத் தகராறான்னு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சொத்துன்னு பாத்தா ஒரு தையல் மிஷின்தான், அதுவும் பெல்ட் அறுந்து கெடக்கு.

ஆமா, காலைல வர்றவ பெரியவ, மத்தியானம் வர்றவ சின்னவ. பெரியவ என்ன பெரியவ, ரெட்டப் புள்ளைங்கதானே, கொஞ்ச நேரம் முன்ன பின்ன. அத வெச்சே இன்னிக்கு வரைக்கும் அக்கா அதிகாரம் பண்றா. வாசல்ல பிளாஸ்க் மாத்திக்கும்போது பாத்திருப்பீங்களே. மாத்திரை குடுத்தாச்சு, கஞ்சி குடிக்கல, வர்றேன். அவ்ளோதான் பேச்சு.

நாளைக்கு ஒரு நாள் மட்டும் ரெண்டு பேரையும் ஒண்ணா உள்ள விடச் சொல்லி அந்த வாட்ச்மேன்கிட்ட சொல்றீங்களா? தெரியும்மா, ஒரு பேஷண்டுக்கு ஒரு பாஸ்தான். கொஞ்ச நேரம் போதும். சேர்ந்து வாங்கடின்னு நானே கூப்புடலாம்தான். கூப்ட்டா ஏதோ இருக்குன்னு வர்ற வழியெல்லாம் பயந்துட்டே வருவாளுங்க. நீங்க சொன்னா ஆஸ்பத்திரி விஷயம்னு வந்துருவாளுங்க.

இதெல்லாம் பள்ளிக்கூடத்துல ஆரம்பிச்சது. இதுங்கள ஆறாவது சேத்தப்போ அங்க ஏகப்பட்ட கூட்டம் சிஸ்டர். ஒரு வகுப்புக்கு எழுபது எம்பது புள்ளைங்க. பெஞ்சு பத்தாம போர்டுக்கு அடியிலயே உக்காந்திருக்கும், டீச்சருக்குக் கால் வெக்க எடம் இருக்காது. இதுக்கு மேல புள்ளைங்கள அடைக்கக் கூடாதுன்னு மேலருந்து உத்தரவு வந்துச்சு. நல்ல உத்தரவுதான். ஆனா ரூமுக்கு எங்க போவாங்க? அதனால ஒரு வழி பண்ணாங்க. பதிவேட்டுல ஒத்தப்படை நம்பரெல்லாம் காலைல, ரெட்டப்படையெல்லாம் மத்தியானம். அரை அரை நாளா பள்ளிக்கூடம். நான் ஆசை ஆசையா ரெண்டுக்கும் ஒரே எழுத்துல பேரு வெச்சிருந்தேனா, அடுத்தடுத்த நம்பரா விழுந்துடுச்சு. இவ அந்தப் பக்கம், அவ இந்தப் பக்கம்.

போய்க் கேட்டேன். ஹெச்.எம். அம்மா நல்லவங்க, உக்கார வெச்சுதான் பேசுனாங்க. உங்களுக்கு மாத்தினா நாளைக்கு வாசல்ல வரிசை நிக்கும்மா, கொஞ்சம் பொறுத்துக்கங்க, புதுக் கட்டடம் வந்துரும்னாங்க. கட்டடம் வர்றதுக்குள்ள இதுங்க எட்டாவது முடிச்சிருச்சுங்க.

மொதல்ல ஒரே அழுகை. ஒரே வயித்துல ஒண்ணா கெடந்ததுங்கதானே. காலைல போறவ பெஞ்சுக்கு அடியில தங்கச்சிக்குன்னு எதாவது வெச்சிட்டு வருவா, பாதி மிட்டாய், சீவுன பென்சிலு. அப்புறம் கூட்றவங்க எடுத்துர்றாங்கன்னு விட்டுட்டா. வீட்லயாவது பேசிக்குமான்னா, இவ விடியறதுக்கு முன்ன எந்திரிக்கறவ, ராத்திரி சாப்ட்டதும் சாஞ்சிருவா. அவ லைட்டு போட்டப்புறம்தான் வந்து சேருவா. சொல்றதுக்கு வாய் நெறைய கத இருக்கும், கேக்க வேண்டியது கொறட்ட விட்டுட்டிருக்கும். அப்புறம் இவளுக்கு ஒரு கூட்டாளி, அவளுக்கு வேற கூட்டாளின்னு ஆயிடுச்சு. ஒரே டீச்சர் சொன்ன ஜோக்க ரெண்டும் தனித்தனியா வந்து எங்கிட்ட சொல்லும். நானும் புதுசா கேக்கற மாதிரி சிரிச்சு வெப்பேன்.

சாமி கும்புடறதும் எனக்கு ரெண்டு ஷிப்டுதான். காலைல ஒருத்திய அனுப்பிட்டு ஒரு தடவ, மத்தியானம் இன்னொருத்திய அனுப்பிட்டு ஒரு தடவ. எப்படியாவது இதுங்கள ஒட்ட வெச்சிரு சாமின்னு. ஆண்டவனுக்கே சலிச்சிருக்கும்.

ஒம்பதாவதுல ஒரே வகுப்புல போட்டாங்க. அப்ப வேற வேற பெஞ்சுல போயி உக்காந்துக்கிட்டாளுங்கன்னு டீச்சர் சொன்னாங்க. கோவம் இல்ல சிஸ்டர். பழகல, அவ்ளோதான். கல்யாணம் ஆயி, புள்ள குட்டின்னு ஆயும் அப்படித்தான். எதுனாலும் எனக்குத்தான் போன் வரும், அவ எப்படி இருக்காம்மான்னு. நீயே கேளேன்டின்னா, இருக்கட்டும்மா, நீ சொல்லேன்னுவா. இப்ப நான் படுத்ததும் யாரு எப்ப வர்றதுன்னு ரெண்டும் ஒரு வார்த்த பேசிக்கல. இவ காலைல வந்து நின்னா, அவ மத்தியானம் வந்து நின்னா.

ஆபரேஷனா? இல்லம்மா, அது இல்லன்னு ஆயிருச்சு. முந்தாநேத்து நீங்க லீவு போல. பெரிய டாக்டர் வந்து கட்டில்லயே உக்காந்து சொன்னாரு, ஈரல் வரைக்கும் பரவிருச்சாம், அறுத்துப் பிரயோஜனம் இல்லயாம், வீட்ல வெச்சுப் பாத்துக்கட்டும்னாரு. பொண்ணுங்ககிட்ட நானே சொல்லிக்கறேன்னு சொல்லிட்டேன். காலைக்காரிகிட்ட மட்டும் சொல்லி, அவள எப்படித் தனியா அனுப்பறது? ரெண்டும் ஒண்ணா இருக்கும்போது சொல்லிட்டேன்னா, அழுதுட்டாவது ஒரே பஸ்ல ஏறி வீட்டுக்குப் போவுமில்ல.