உப்பு பத்தாத மோர்

— கேட்டுக்கோம்மா. செஞ்சிக் கோட்டை மேல இன்னொரு செஞ்சிக் கோட்டையைத் தூக்கி வெச்சா என்னா உயரம் வரும்? அந்த உயரத்துலேருந்து விழுந்தான் மனுஷன். விழுந்தவன் எழுந்து உக்காந்து, என் கையால ஒரு சொம்பு மோர் வாங்கிக் குடிச்சிட்டு, "உப்பு பத்தலை"ன்னான்! இந்தக் கோதண்டபாணி சொல்றது பொய்யின்னா, சர்வீஸ்ல நான் பச்சைக்கொடி காட்டின கூட்ஸ் வண்டியெல்லாம் வரிசையா வந்து என் மேல ஏறட்டும்.

— ஏறாது. கூட்ஸ் வண்டி கூட உன் பேச்சை நம்பி நகராதுண்ணே. ஏம்மா, வறுத்த மல்லாட்டைக் கடலை சூடா இருக்குது, ஒரு பொட்டலம் கட்டட்டுமா? இவரு குடுக்கறதைத் தின்னா வயிறு ரொம்பாது.

— பாத்தியாம்மா, இவன்தான் சவுரிராயன். விழுப்புரம் ஜங்ஷனுக்கு வர்றவன் போறவன் எல்லாம் நான் சொல்றதுல பாதியாவது நம்புவான். இவன் மட்டும், நான் மணி என்னான்னு சொன்னாக்கூட உள்ள போய் கடியாரத்தைப் பாத்துட்டு வருவான்.

— போன தபா அந்த ஆளு குதிரை மேல வந்து இறங்கினான்னு சொன்ன. அதுக்கு முந்தின தபா தவில்காரன் மடியில. இன்னிக்கு என்னாத்து மேல?

— நடுவுல பேசாதீங்கண்ணே. பெரியவரே, நீங்க முதல்லேருந்து சொல்லுங்க. இதைக் கேக்கத்தான் திருவெண்ணெய்நல்லூர்லேருந்து பஸ் ஏறி வந்திருக்கேன். ஸ்டேஷன் வாசல்ல ஒரு ரிட்டேர்டு ரயில்வே கார்டு இருப்பாரு, வானத்துலேருந்து குதிச்சவன் கதை அவருக்குத்தான் தெரியும்னாங்க.

— என் பேரு பெண்ணையாத்தையே தாண்டிடுச்சு! கேட்டியா சவுரி? நல்லா காதைத் தொறந்து கேட்டுக்கோ!

— கேட்டேன், கேட்டேன். இனிமே உன்னைப் புடிக்க முடியாது. பேஜாரு.

— இந்த வெயில்ல நாக்கு ஒட்டிக்கினு போவுது. உங்ககிட்ட மோர் கெடைக்குமாண்ணே?

— மோரெல்லாம் இல்லை. நான் விக்கறது இல்லை. அந்தாண்ட குழாய் இருக்குது, தண்ணி புடிச்சுக்கோ.

— ஏன்டா அந்தப் பொண்ணு மேல எரிஞ்சு விழற? நீ தப்பா எடுத்துக்காதம்மா. இவனுக்கு மோர்னா ஆகாது. ஆகாசமும் ஆகாது. தலைக்கு மேல ரெட்டைத் தார்ப்பாய் கட்டியிருக்கான் பாரு. காக்கா எச்சம் போட்டாக்கூட அண்ணாந்து திட்ட மாட்டான், குனிஞ்சுக்கினே தொடைச்சுக்குவான். முந்தியெல்லாம் இவன்...

— அண்ணே!

— சரி, உடு. கதைக்கு வர்றேன். ஐம்பத்தெட்டாம் வருஷம், பங்குனி மாசம். திண்டிவனத்துல மாட்டுச்சந்தை மைதானத்துல ஒரு பொருட்காட்சி போட்டாங்க. ஊரெல்லாம் நோட்டீஸ். "ஆகாச வீரன் கேப்டன் மோகன்ராஜ், பலூன்ல ஏறி, குடை புடிச்சுக் குதிக்கிறார்"னு. பாராசூட்டைத்தான் குடைன்னு போட்டிருந்தாங்க. நான் ட்யூட்டிக்கு லீவு போட்டுட்டுப் போனேன். பள்ளம் வெட்டி, வெறகும் வைக்கோலும் போட்டு எரிச்சு, அந்தப் புகையைத் துணி பலூனுக்குள்ள ஏத்தினாங்க. புகைன்னா புகை! திண்டிவனத்துக் காக்கா எல்லாம் இருமிக்கினே மயிலம் பக்கம் பறந்து போயிடுச்சு. பலூன் உப்பி எழுந்திரிச்சுது பாரு, அதோட நிழல் ஏரி மேல விழுந்து, பொழுது சாஞ்சுடுச்சுன்னு கொக்கெல்லாம் கூட்டுக்குக் கெளம்பிடுச்சு.

— கொக்கு உன்கிட்ட வந்து சொல்லிட்டுப் போச்சா?

— சும்மா இருடா. பலூனுக்கு அடியில ஒரு கட்டை. அந்தக் கட்டையைப் புடிச்சுக்கினு தொங்கறான் நம்மாளு. ஜரிகை வெச்ச சிவப்புச் சட்டை. சினிமா ராஜா மாதிரி. மேல போவப் போவ எல்லாருக்கும் கை ஆட்டறான். போய், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஆயி, மல்லாட்டை அளவுக்கு ஆயி, அப்புறம் கட்டையை உட்டுட்டான். குடை விரிஞ்சுது பாரும்மா, ராஜா குடை! சூரியனே தெரியல. மெதுவா, பூ வர்ற மாதிரி இறங்கி...

— அவன் கேப்டனும் இல்லை, மோகன்ராஜும் இல்லைங்க. அவன் பேரு பச்சைமுத்து. எங்க அண்ணன்.

— ஐயோ.

— நான் பாஞ்சாலி. அவனுக்கு அடுத்துப் பொறந்தவ. சொல்லுங்க பெரியவரே. பூ மாதிரி இறங்கி?

— மொதல்லயே சொல்லியிருக்கலாமே தாயீ. நான் பாட்டுக்கு எலுமிச்சம்பழம், மல்லாட்டைன்னு...

— சொல்லியிருந்தா நீங்க இப்படிச் சொல்லியிருக்க மாட்டீங்க. கரும்பு வெட்டப் போவ மாட்டேன்னு எங்கப்பாகிட்டச் சண்டை போட்டுட்டு ஓடினவன்ங்க. அவன் செத்ததே இந்தச் சித்திரையில, மூணு நாளைக்கு முன்னாடிதான் எங்களுக்குத் தெரியும். கூட வேலை செஞ்சவன் ஒருத்தன் எங்க ஊர்த் திருவிழாவுக்கு ராட்டினம் சுத்த வந்தான், அவன் சொன்னான். எங்கம்மா ஒப்பாரி வெக்கல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுது. "உசிரு போவும்போது அவன் வாயில யாரு தண்ணி ஊத்தினா?"ன்னு. அந்த ராட்டினக்காரனுக்குத் தெரியல. அன்னிலேருந்து எங்கம்மா சொம்பைத் தொட மாட்டேங்குது. பஞ்சை நனைச்சு உதட்டுல வெச்சாக்கூட மூஞ்சியைத் திருப்பிக்குது. எம்புள்ள நாக்கு வறண்டு போயிருந்தான்னா எனக்கு எதுக்குடி தண்ணிங்குது. இன்னும் எத்தினி நாளைக்குத் தாங்கும்?

— மாதாவே.

— ஊத்தினேம்மா! நான்தான் ஊத்தினேன்! ஒரு சொம்பு மோர், ஒரே மூச்சுல குடிச்சான்! போய் அம்மாகிட்டச் சொல்லு!

— குதிரை மேல உக்காந்துக்கினா குடிச்சான்? தவில்காரன் மடியிலயா? பூ மாதிரி இறங்கினவன் எதுக்குச் செத்தான்? கோவிச்சுக்காதீங்க பெரியவரே. நீங்க நல்ல மனுஷன்தான். ஆனா சாகக் கெடக்கற எங்கம்மா வாயில நான் கதையைக் கொண்டு போய் ஊத்த முடியாது.

— நீ கேக்கறது நாயம்தான் பாஞ்சாலி. குதிரை பொய்யி. தவில் பொய்யி. கொக்கும் பொய்யின்னே வெச்சுக்கோ. முந்தின நாள் கோடை மழை பெஞ்சுது. ஈரத்தோடயே குடைத் துணியை மடிச்சு வெச்சுட்டாங்க போல. ஒட்டிக்கினு, அது விரியவே இல்லை. சந்தைக்கு வந்த வைக்கோல் வண்டி ஒண்ணு நின்னுக்கினு இருந்துச்சு, அதோட ஓரத்துல வந்து விழுந்தான். அதனாலதான் கொஞ்ச நேரமாவது உசிரு நின்னுச்சு.

— அப்புறம் எதுக்குங்க ஊர் பூரா மாத்தி மாத்திச் சொன்னீங்க?

— கண்ணை மூடினா அவன் விழுந்துக்கினே இருக்காம்மா. தரைக்கு வந்து சேர மாட்டேங்கறான். என் பொண்டாட்டிகிட்டச் சொல்லிப் பாத்தேன், திருவக்கரை காளி கோயிலுக்குப் போய் எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டு வந்தா. அப்பவும் விழுந்தான். ஒரு நாள் இந்த பெஞ்சுல உக்காந்துக்கினு, அவன் குதிரை மேல இறங்கிட்டான்னு ஒருத்தர்கிட்டச் சொன்னேன். அந்த ஆளு சிரிச்சான். அன்னிக்குத்தான் தூங்கினேன். அதுலேருந்து தெனம் ஒருத்தர்கிட்டச் சொல்லி அவனை இறக்கி உட்டுடறேன். சும்மா இறங்கினா போதுமா? கம்பீரமா இறங்க வேணாமா? அதான் குதிரை. ஆனா மோர் மட்டும் நெசம் தாயீ. அதுல ஒரு சொட்டுக் கூட நான் தண்ணி கலக்கல.

— நம்பணும்னு ஆசையாத்தான் இருக்குதுங்க. சவுரி அண்ணே, நீங்க சொல்லுங்க. நீங்கதான் இவரு சொல்றது எதையும் நம்பாதவரு. நீங்க அங்க இருந்தீங்களா?

— இல்லை.

— சவுரி...

— இல்லைன்னேனே! இந்த ஊர்ல ஆயிரம் பேரு திண்டிவனம் போனாங்க, நான் போவல.

— போவாதவரு எதுக்குண்ணே அண்ணாந்து பாக்க மாட்டேங்கறீங்க?

— எனக்குக் கழுத்து வலி.

— சரி, இருந்தீங்களோ இல்லையோ. மோர் குடுத்திருப்பாங்களா? அதை மட்டும் சொல்லுங்க.

— குடுக்கக் கூடாதும்மா! விழுந்தவனுக்கு எதையும் வாயில ஊத்தக் கூடாது. ஊத்தினா உசிரு போயிடும். நம்ம சனங்களுக்கு எவன் விழுந்தாலும் மொதல்ல சொம்பைத் தேடற புத்தி. அதுதான் ஆளைக் கொன்னுடுது.

— யாருண்ணே சொன்னது?

— கூட்டத்துல ஒருத்தன் கத்தினான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான், படிச்சவன் மாதிரி. "எவன்டா இவன் வாயில மோரை ஊத்தினது? அதுலதான்டா போயிட்டான்"னு. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.

— போவலைன்னீங்களே அண்ணே.

— அவனை உடும்மா. அந்த வெள்ளைச் சட்டைக்காரன் ஒரு கூமுட்டை. பெரியாஸ்பத்திரி டாக்டரையே அப்புறம் கேட்டேன். முதுகெலும்பு நொறுங்கிப் போச்சுய்யா, மோரு என்னா பண்ணும்னாரு. அதை இந்தச் சவுரிகிட்ட எத்தினி தபா சொல்லிட்டேன்! நான் சொல்றதை இவன் எப்ப நம்பியிருக்கான்? அன்னிக்கே கூட்டத்துக்கு முன்னாடி போயி "நான்தான்யா ஊத்தினேன்"னு மாரைத் தட்டிட்டேன். போலீஸ்காரன் வந்தப்பவும் அதையேதான் சொன்னேன். அதோட முடிஞ்சுது.

— முடியல பெரியவரே. குடுத்தவங்க மேல எனக்கு என்னா கோவம்? ஊரு பேரு தெரியாத எடத்துல அநாதையா விழுந்தவனுக்கு ஒரு கை மோர் நீட்டினவங்க யாரா இருந்தாலும் அவங்க காலைத் தொட்டுக் கும்பிடுவேன். எங்கம்மா கெடக்கறதே அந்த ஒரு வார்த்தைக்குத்தான். ஆனா சத்தியமான வார்த்தையா இருக்கணும். எங்கம்மாவுக்குப் பொய்யி வாசனையிலயே தெரிஞ்சுடும். பஸ்ஸு வந்துடுச்சு போல. நான் வர்றேங்க.

— இரும்மா, மல்லாட்டையாவது வாங்கிக்கினு போ... டேய் சவுரி, அந்தப் பொண்ணு போவுதுடா.

— இரு பாஞ்சாலி.

— சொல்லுங்கண்ணே.

— இந்த அண்ணன் ஊர் பூரா எவ்ளோவோ சேத்துக்கினு சொன்னாரு. ஒண்ணை மட்டும் சொல்லாம உட்டுட்டாரு. அவருக்குத் தெரியாது. கொஞ்சம் தள்ளி நின்னுக்கினு இருந்தாரு, பேச்சு மட்டும்தான் காதுல விழுந்திருக்கும். உங்கண்ணன் ரெண்டு வாய்தான் குடிச்சாரு. "உப்பு பத்தலை"ன்னாரு. சொல்லிட்டு, இப்படி, உள்ளங்கையை விரிச்சு நீட்டினாரு.

— உள்ளங்கையையா?

— ஆமா. குழந்தை நீட்டற மாதிரி.

— உப்புக்கல்லுக்குண்ணே! எங்கம்மா கேப்பைக் கூழு ஊத்தறப்ப எல்லாம் அவன் பத்தலைம்பான். அதுக்குன்னே தனியா ஒரு கல்லு உப்பை அவன் உள்ளங்கையில வெக்கும், அதை நக்கிக்கினே குடிப்பான். இது எங்க வீட்டு ஆளுங்களைத் தவிர யாருக்கும் தெரியாதே... அண்ணே, உங்களுக்கு எப்படி?

— நடந்துச்சும்மா. அங்க மோர்ப்பானை வெச்சுக்கினு இருந்தவன், ஊத்தினவன் நான்தான். இந்த அண்ணன் எனக்காகப் பழியைத் தன் மேல போட்டுக்கினாரு. உப்பு கேக்கறாருன்னு எனக்குத் தெரியலையே, கையைத்தான் கேக்கறாருன்னு நெனைச்சு, கடைசி வரைக்கும் கெட்டியாப் புடிச்சுக்கினு இருந்தேன்.