வரியின் முன்னால் இரண்டு குறி

இந்த மென்பொருளில் எழுத்தைத் தடிமனாக்க ஒரு பொத்தான்கூடக் கிடையாது என்று பார்த்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது, ஷெர்லி. பள்ளிக்கூட ஆபீசில் காலமெல்லாம் டைப் அடித்தவள் நான். வெள்ளைத் திரை, கறுப்பு எழுத்து, அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு பில்டப்பு என்று தம்பியிடம் கேட்டேன். அப்போது லியோனலுக்கு நாக்கு குழறத் தொடங்கியிருந்தது, ஆனாலும் சிரித்தான். “இதுல அலங்காரம் ஒன்னும் இல்லலா அக்கா. அதனாலதான் கெட்டுப் போகாது. அம்பது வருஷம் கழிச்சும் தெறந்து படிக்கலாம்” என்றான். அவனுக்கு அத்தனை காலம் இல்லை என்று டாக்டர் சொல்லி ஒரு மாதம் ஆகியிருந்தது.

அடக்கம் முடிந்த மறுவாரம் நீ போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்டாய். “கெர்டி அக்கா, கடைசியில லியோ என்னைக் கேட்டாரா?” எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். போனில் சொன்னால் நடுவில் நீ அழுவாய், நான் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். அதனால் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில், அவன் மேசையில், அவன் எழுதிய அதே எடிட்டரிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். ஜன்னலுக்கு வெளியே மோனோரயில் போகும்போதெல்லாம் அவன் கட்டில் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். பழக்கம் விடவில்லை.

மென்பொருளை அவன்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தான். வரியின் தொடக்கத்தில் # என்ற வேலிக் குறி போட்டால் தலைப்பு. சின்னக் கோடு போட்டால் பட்டியல். எல்லாம் முடிந்ததும் ‘எக்ஸ்போர்ட்’ என்று ஒரு தட்டு, அழகான பி.டி.எஃப். ஆகிவிடும். இன்னொரு குறியும் உண்டு. வரியின் தொடக்கத்தில் இரண்டு சதவீதக் குறி போட்டால் அந்த வரி கோப்பில் இருக்கும், ஆனால் எக்ஸ்போர்ட் செய்யும்போது வெளியே போகாது. படிப்பவருக்கு அப்படி ஒரு வரி இருந்ததே தெரியாது. “கோவத்துல எழுதுறதுக்கு இதான் அக்கா மருந்து. அழிக்க வேணாம். மறைச்சா போதும்” என்றான்.

பிறகு கை போனது, பேச்சு போனது, சாப்பாடு குழாய் வழியே என்று ஆனது. அவனோடு பெட்டாலிங் ஜெயா ஆபீசில் வேலை செய்த முகுந்தன் ஒரு கேமராவைக் கொண்டுவந்து திரைக்குக் கீழே பொருத்தினான். லியோனல் எந்த எழுத்தைப் பார்க்கிறானோ அது திரையில் விழும். ஒரு வரி எழுத ஒரு டம்ளர் கோப்பி ஆறிப்போகும். ஆனால் எழுதினான். தினம் ஒரு கோப்பு. உடம்பைப் பற்றி, என் சமையல் வாசனையைப் பற்றி, உன்னைப் பற்றி.

அவன் போன் எப்போதோ என் கைப்பைக்கு வந்துவிட்டது. இமெயில் பார்ப்பதும் நான்தான். ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் அவனுடைய தினக் குறிப்புகளை என் கோப்பு ஒன்றில் பிரதியெடுத்து, ‘உடம்பு’ என்றும் ‘ஷெர்லிக்கு’ என்றும் தலைப்புப் போட்டு ஒழுங்கு செய்வேன். முதல் பகுதி டாக்டருக்கு, இரண்டாவது உனக்கு. அவன் என் கோப்பைத் திறந்து பார்த்ததில்லை. அக்கா செய்தால் சரியாக இருக்கும் என்று அவனுக்கு நம்பிக்கை.

நீ சனிக்கிழமை தவறாமல் செமினியிலிருந்து வருவாய். தேங்காய்ப்பால் மணக்கும் நாசி லெமாக் சோற்றைக் கடையில் பொட்டலம் கட்டித் தப்பாவ் செய்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுவாய். அவனால் விழுங்க முடியாது என்று தெரிந்தும் இந்தப் பெண் இப்படிச் செய்கிறாளே, ஈவு இரக்கம் இல்லையா என்று முதலில் நினைத்தேன். பிறகு அவன் எழுதினான், அந்த வாசனைக்காகத்தான் வாரம் முழுக்கக் காத்திருக்கிறானாம். என் ரசத்தைப் பற்றி அவன் அப்படி எழுதியதில்லை. பரவாயில்லை.

அந்தச் சனிக்கிழமை உனக்கு நினைவிருக்கும். தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாய். “எங்க அப்பா வீட்டு வாசல்ல சரிவு கட்டியாச்சு அக்கா, வீல்சேர் நேரா உள்ள போயிடும். கல்யாண ரெஜிஸ்டர் முடிஞ்சதும் லியோவை அங்கயே கூட்டிட்டுப் போயிடறேன். நீங்க இவ்ளோ நாள் பாத்துட்டீங்க. இனிமே ரெஸ்ட் எடுங்க.” நீ அன்பாகத்தான் சொன்னாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சரிம்மா என்றேன். ஈரத் தட்டை வாங்கித் துடைத்து அடுக்கினேன்.

அம்மா போனபோது லியோனலுக்கு நான்கு வயது. அவனுக்கு ஷூ கட்டிவிட்டது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு விழித்திருந்தது, யூனிவர்சிட்டிக்குப் பெட்டி கட்டியது எல்லாம் நான். இப்போது மறுபடி சின்னப் பிள்ளையைப்போல ஆகி என்னிடம் வந்திருந்தான். குளிப்பாட்டி, தலை சீவி, பக்கம் மாற்றிப் படுக்க வைத்து, மூச்சுக் குழாயைத் துடைத்து. அவன் சாகப்போகிறான் என்று எனக்குத் தெரியும், ஷெர்லி. ஆனாலும் காலையில் எழுந்ததும் என் நாள் நிறைந்திருந்தது. ரெஸ்ட் எடுத்து நான் என்ன செய்வது?

அந்த வாரத்துக் குறிப்பில் இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரியின் முன்னால் அவனே இரண்டு குறி போட்டு மறைத்திருந்தான். அது இப்படி இருந்தது: ‘இனிமே வராதே ஷெர்லி. நீ வந்துட்டுப் போனா ரெண்டு நாள் நான் மனுஷனா இல்ல.’ அடுத்த வரிக்குக் குறி இல்லை: ‘சனிக்கிழமை நீலச் சட்டை போட்டுட்டு வா. செமினிக்குப் போலாம், நான் ரெடி.’

நான் முதல் வரியின் முன்னாலிருந்த குறிகளை எடுத்து இரண்டாவது வரியின் முன்னால் வைத்தேன். பிறகு எக்ஸ்போர்ட் செய்து உனக்கு அனுப்பினேன்.

நான் ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. ஒரு எழுத்தைக்கூட அழிக்கவில்லை. உனக்கு வந்தது அத்தனையும் அவன் கண்ணால் எழுதியது. பொய் சொல்வது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது.

உன் நல்லதற்கும்தான் செய்தேன். உனக்கு வயது இருக்கிறது. கல்யாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட கையோடு எச்சில் உறிஞ்சுகிற மெஷினைப் பிடித்துக்கொண்டு நிற்பதா? ஒரு நாள் நீ சலித்துப்போவாய், அவன் அதைக் கண்ணால் பார்ப்பான். அந்த வேதனை இரண்டு பேருக்கும் வேண்டாம் என்று நினைத்தேன். இன்றைக்கும் அதில் கொஞ்சம் நியாயம் இருப்பதாகத்தான் தோன்றுகிறது.

நீ உடனே பதில் எழுதினாய். மறுநாளும் எழுதினாய். எல்லாப் பதில்களையும் தேதிவாரியாக ஒரு ஃபோல்டரில் வைத்திருக்கிறேன், ஒன்றும் தொலையவில்லை. அவனிடம், “ஷெர்லிக்கு ஆபீஸ்ல வேலை ஜாஸ்தியாம்டா” என்றேன். கண்ணை ஒருமுறை மூடித் திறந்தான், சரி என்று அர்த்தம். அடுத்து வந்த சனிக்கிழமை தனக்கு நல்ல சட்டை போட்டு விடச் சொல்லி எழுதியிருந்தான். போட்டு விட்டேன். சாயங்காலம் அதைக் கழற்றும்போது மட்டும் என் மனசு கேட்கவில்லை. சமையலறையில் போய்ச் சற்று அழுதுவிட்டு வந்தேன்.

அடுத்தடுத்த வாரங்களில் வேலை சுலபமாகிவிட்டது. படுக்கையில் கிடப்பவன் மனத்தில் கறுப்பு வரிகளுக்குப் பஞ்சமா? ‘என்னை இப்படிப் பாக்காதே’, ‘வேற யாரையாவது கட்டிக்கோ’, ‘எல்லாரும் போங்க’. எழுதுவான், குறி போட்டு மறைப்பான், கீழே உனக்காக நல்லதாக நாலு வரி எழுதுவான். நான் குறிகளை மாற்றி வைப்பேன். நீ இதையெல்லாம் தனியாக உட்கார்ந்து படித்திருப்பாய் என்பது எனக்குத் தெரியும்.

பிறகு நீ சொல்லாமல் ஒரு நாள் வந்தாய். செக்யூரிட்டி கார்ட் கீழேயிருந்து கூப்பிட்டார், நானே இறங்கி வந்தேன். லிஃப்ட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய், கையில் நாசி லெமாக் பொட்டலம்.

“அக்கா, அஞ்சே நிமிஷம். அவரே என் முகத்தைப் பாத்துப் போன்னு சொல்லட்டும், போயிடறேன்.”

“அவன் எழுதினதைத்தானேம்மா அனுப்பினேன். நீ மேல வந்தா அவனுக்கு மூச்சு ஏறிடும்.”

“நெசமாவே அவர் எழுதினதா அக்கா?”

“உனக்கு அவன் எழுத்து தெரியாதா?” என்றேன்.

உனக்குத் தெரியும். அதுதான் உன்னைத் திருப்பி அனுப்பியது. பொட்டலத்தை என் கையில் கொடுத்தாய். “இதை மட்டும் அவர் பக்கத்துல பிரிச்சு வைங்க அக்கா” என்று சொல்லிவிட்டு, பார்வையற்றவர்களுக்காகப் போட்ட அந்த மஞ்சள் கல் பாதையில் குனிந்த தலையோடு சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் நடந்தாய். நான் பொட்டலத்தைக் கீழேயே குப்பைத் தொட்டியில் போட்டேன். மேலே கொண்டு போயிருந்தால் வாசனையிலேயே அவன் கண்டுபிடித்திருப்பான்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் அவனுடைய கண்ணும் போய்விட்டது. எழுதுவது நின்றது. முகுந்தனுக்கும் சொல்லிவிட்டேன், வந்து பார்த்து வருத்தப்பட வேண்டாம் என்று. கண் போன பிறகு அவன் மனத்தில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு காலையில் பக்கம் மாற்றிப் படுக்க வைக்கும்போது என் கையிலேயே போனான். கிள்ளானில் அம்மா பக்கத்தில் வைத்தோம். நீ கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தாய், முன்னால் வர உனக்கு உரிமை இல்லை என்று நினைத்திருப்பாய். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: கேட்டான், ஷெர்லி. கண் இருந்தவரைக்கும் ஒவ்வொரு நாளும் உன்னைத்தான் கேட்டான். வராதே என்று சொன்னவன் அவன் இல்லை. உங்கள் இருவரையும் பிரித்தது நான். பெற்ற பிள்ளையைப்போல வளர்த்தவனுக்கு இதைச் செய்துவிட்டு இந்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். அவன் போனது எனக்குத் தாங்கவில்லை, அதைச் சொல்லிக்கொள்ளவும் எனக்கு ஆள் இல்லை. மன்னிக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன்.

அவனுடைய தினக் குறிப்புகளை அவன் வைத்த குறிகளோடு அப்படியே எக்ஸ்போர்ட் செய்து இதோடு அனுப்புகிறேன். அவன் உனக்கு அனுப்ப நினைத்தது எல்லாம் அதில் வரும். நீலச் சட்டையும் வரும். ஒளிக்க என்னிடம் இனி ஒன்றும் இல்லை.

உன் கெர்ட்ரூட் அக்கா

%% இனி வரும் வரிகள் உனக்கு வராது, ஷெர்லி. ஆனால் எழுதாமலும் இருக்க முடியவில்லை.

%% அவன் கண் போகவில்லை. மற்றதெல்லாம் போனாலும் கண் கடைசிவரை இருக்கும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார், அப்படித்தான் இருந்தது. நீ வந்து திரும்பிப் போன மறுநாள் நான் மருந்து வாங்கக் கீழே இறங்கினேன். திரும்பி வந்தபோது என்னுடைய வாரக் கோப்பு திரையில் திறந்திருந்தது. அதன் அடியில் ஒரு புது வரி: ‘அக்கா, குறி மாறியிருக்கு.’ மருந்துப் பையோடு நின்றேன். அவன் என்னைத் திட்டவில்லை. எழுத்து எழுத்தாக இன்னொரு வரி விழுந்தது. ‘இன்னும் நேரம் இருக்கு. ஷெர்லியக் கூப்பிடுங்க.’ கொஞ்சம் பொறுத்து, ‘ப்ளீஸ் அக்கா.’

%% கேமராவைக் கழற்றி மேசை விரிப்பில் சுற்றி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அவனிடம், “மெஷின் ரோசாக் ஆயிடுச்சுடா தம்பி, வேலை செய்யல, முகுந்தன் வந்துதான் பாக்கணும்” என்றேன். முகுந்தனுக்குப் போன் செய்து, லியோனலுக்குக் கண் போய்விட்டது என்றேன். அதன் பிறகும் அவன் பல வாரம் உயிரோடு இருந்தான், ஒரு எழுத்துகூட இல்லாமல். அந்த வரிகள் இருக்கும் வாரக் கோப்பை உனக்கு அனுப்புகிற தொகுப்பில் சேர்க்கவில்லை.

%% நான் போகிற இடமெல்லாம் அவன் கண் வரும். என்னைப் பார்ப்பான், வாசலைப் பார்ப்பான், மறுபடி என்னைப் பார்ப்பான். “தலகாணியா? ஃபேனா? திருப்பிப் படுக்கணுமா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். எதற்கும் கண்ணை மூட மாட்டான். கடைசியில் நானே அவன் தலையைத் தடவி, “அக்கா இங்கதான்டா இருக்கேன், எங்கயும் போகல” என்பேன். அப்போது கண்ணை மூடிக்கொள்வான், ஓரத்தில் தண்ணீர் வரும், நான் துடைத்துவிடுவேன். அவனுக்கு என்ன வேண்டும் என்று கடைசிவரை எனக்கு ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது.