கணினியில் முதலிடம், கடற்கரையில் கடைசி இடம்

நடுநாற்காலியில் வீற்றிருந்து, நான் என்ன பேசப்போகிறேனோ என்று இப்போதே வியர்த்துக்கொண்டிருக்கும் எங்கள் கடலலைக் கால்பந்துக் கழகத்தின் தலைவர் விக்டர் அண்ணாச்சி அவர்களே! அவருக்கு இடமும் வலமும் அமர்ந்து அவைக்கு அழகு சேர்க்கும் ஆட்சிக்குழுப் பெரியவர்களே! விடியலில் ஏலக்கூடத்தில் குரல் உயர்த்தி மீன் விற்றுவிட்டு, மாலையில் மல்லிகை சூடி முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட திரேஸ்புரத்துத் தாய்மார்களே! ஐந்து ஆண்டுகள் தோற்றும் தலைகுனியத் தெரியாத ஆட்டக்காரர்களே! உங்கள் எல்லோருக்கும் ஜெஸ்லினின் வணக்கம்.

என்ன? பின்னாலிருந்து ஒரு குரல்... "ஏளா, நீ என்னைக்காவது பந்த உதச்சிருக்கியா?" நல்ல கேள்வி அண்ணாச்சி. உதைத்ததில்லை. உதைத்தவர்கள்தாம் ஐந்து ஆண்டும் மாவட்டப் போட்டியில் கடைசி இடம் வாங்கித் தந்தார்கள். அதற்குப் பிறகு மேலாளர் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. துறைமுகத்தில் கண்டெய்னர் எண்களைப் பதிந்துகொண்டிருந்த என் தலையில் கட்டினார்கள்!

எனக்கு இருந்த தகுதி ஒன்றே ஒன்று. மடிக்கணினியில் கால்பந்து மேலாளர் விளையாட்டு ஆடுவேன். தாய்மார்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: அந்த விளையாட்டில் பந்தை உதைக்க முடியாது. ஒரு கழகத்தை நம் கையில் கொடுப்பார்கள். யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது என்று முடிவெடுப்பதுதான் ஆட்டம்.

நான் முதன்முதலில் எடுத்தது, பட்டியலின் அடியில் கிடந்த ஒரு கழகம். எடுத்த அன்றே என்ன செய்தேன்? இருந்தவர்களை விரட்டினேன். பேர்பெற்றவர்களைப் பிடித்துப் போட்டேன். ஏழு ஆட்டம், ஏழு தோல்வி! நிர்வாகம் என்னை வேலையைவிட்டு நீக்கிக் கடிதம் அனுப்பியது. சிரிக்காதீர்கள் அக்கா, கணினிக்குள் வேலை போனாலும் வலிக்கத்தான் செய்கிறது. அன்று புத்தி வந்தது. கையில் வந்த கழகத்தை முதலில் அளந்து பார். பிறகு மாற்று.

ஆகவே நம் கழகத்தை ஏற்றதும், நம் ஆட்டக்காரர்களையே அந்த விளையாட்டுக்குள் ஏற்றினேன். வேகம், மூச்சுத் தெம்பு, பந்தைக் கடத்தும் திறன் என்று ஒவ்வொன்றுக்கும் இருபதுக்கு மதிப்பெண் போட வேண்டும். போடுவது யார்? ஆட்சிக்குழு! நம் அணித்தலைவர் டிக்சனில் தொடங்கினேன்.

"டிக்சனுக்கு மூச்சுத் தெம்பு எவ்வளவு அண்ணாச்சி?"

"இருவது போடு. அவன் தாத்தா சங்கு குளிக்க முங்குனாருன்னா, வள்ளத்துல இருக்கவன் ஒரு பீடி குடிச்சு முடிச்ச பெறவுதான் தலை வெளிய வரும்."

"தாத்தா சரி. டிக்சனுக்கு?"

"ரத்தம் ஒண்ணுதானளா!"

போட்டேன் இருபது. அடுத்து ரோச்சின் வேகம்.

"பதினெட்டு போடு. அவங்க வள்ளந்தான் எப்பவும் மொதல்ல கரைக்கு வரும்."

"அது எஞ்சின் வேகம் அண்ணாச்சி!"

"அந்த எஞ்சின ஓட்டுதது யாருளா?"

இப்படித்தான் நடந்தது மதிப்பீடு! பாட்டனார் மூச்சு பேரனுக்கு, படகின் வேகம் பையனுக்கு. விளைவு? முப்பது ஆட்டத்தில் ஒன்றில்கூடத் தோற்காமல் கணினிக்குள் கோப்பையை வென்றோம்! ஆட்சிக்குழு எழுந்து நின்று கைதட்டியது. லட்டு வாங்க ஆளும் போனார். அதே வாரம் மைதானத்தில் என்ன நடந்தது? நான்குக்குப் பூஜ்யம்! அந்த நான்கு யாருடையது என்று நான் சொல்ல வேண்டுமா?

பொய்யை உள்ளே போட்டால் பொய்க் கோப்பைதான் வெளியே வரும். எனவே நிறுத்துகடிகாரத்தை எடுத்துக்கொண்டு கடற்கரை மணலுக்குப் போனேன். பயிற்சிக்கு வந்த எல்லோருக்கும் முதுகில் ஓர் எண். பெயர் கிடையாது. ஓட வைத்தேன், உதைக்க வைத்தேன், அளந்ததை அப்படியே ஏற்றினேன். டிக்சனின் மூச்சு இருபதிலிருந்து ஆறுக்கு இறங்கியது. டிக்சன், முறைக்காதே. மணல் சொன்னது, நான் எழுதினேன்.

கணினிக்குள் இருக்கும் துணைப் பயிற்சியாளர் அறிக்கை தந்தார். அணி மொத்தமும் பலவீனம். ஆனால் பத்தொன்பதாம் எண்ணை மட்டும் எந்த ஆட்டத்திலும் வெளியே உட்கார வைக்காதீர்கள்!

அதை ஆட்சிக்குழுக் கூட்டத்தில் வாசித்ததும் விக்டர் அண்ணாச்சி நாற்காலியைவிட்டே எழுந்துவிட்டார். "யாருளா அந்தப் பத்தொம்போது? எந்த வீட்டுப் பய?"

"சுடலைக்கண்ணு" என்றேன்.

அண்ணாச்சி மெல்ல உட்கார்ந்தார். "நல்ல பயதான். யாரு இல்லன்னா? ஆனா நம்ம கரைப் பய இல்லையே..."

பெரியோர்களே, இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பயிற்சிக்கு ஆள் குறைந்தால் அவன் நம்ம பயல். பந்து கடலுக்குள் போனால், நீந்தி எடுத்துவர அவன் நம்ம பயல். கம்பம் சாய்ந்தால் நட, கோடு அழிந்தால் போட, அவன் நம்ம பயல். ஜெர்சி கொடுக்கும் நாளில் மட்டும் அவன் எந்த ஊர்ப் பயல்? மூன்று ஆண்டுகளாக, காலையெல்லாம் உப்பளத்தில் உப்பு வாரிவிட்டு மாலையில் வந்து நம் எல்லோரையும் முந்துகிறவனை, ஆட்ட நாளில் கோட்டுக்கு வெளியே நிறுத்தினோமே, யாருக்காவது உறுத்தியதா? அந்த விளையாட்டில் நிரப்ப நூறு கட்டங்கள் இருக்கின்றன. எந்தத் தெரு, எந்தக் கோயில் என்று கேட்கும் கட்டம் ஒன்றுகூட இல்லை. அந்த விளையாட்டைச் செய்தவனுக்கு அது தோன்றவே இல்லை. நமக்குத்தான் தோன்றுகிறது!

இதோ என் கையில் இருப்பது மாவட்டப் போட்டிக்கான பட்டியல். நாளைக் காலை கொடுத்தாக வேண்டும். பதினெட்டுப் பேருக்கு இடம், பதினேழு பேர் எழுதியாயிற்று. பதினெட்டாவது வரி காலி. அந்த இடத்துக்குத் தகுதியான வேறு ஆள் இருக்கிறானா? இல்லை! வரியைக் காலியாக அனுப்பினாலும் அனுப்புவோம், அவன் பெயரை எழுத மாட்டோம் என்கிறோம். இந்த அழகில் நமக்குக் கோப்பை வேண்டும்!

யார் எழுந்திருப்பது? டிக்சனா? சொல்லு டிக்சன், சத்தமா.

"மூச்சு ஆறுதான், ஒத்துக்கிடுதேன். பயிற்சில அவன் என்ன மறிச்சு மறிச்சே எனக்குக் கால் போச்சு. மேட்ச்சுலயாவது அவன் எம்பக்கம் நிக்கட்டும் அண்ணாச்சி!"

கைதட்டுங்கள், தாராளமாகத் தட்டுங்கள்! தாய்மார்கள் விசில்கூட அடிக்கிறார்கள். என்ன அண்ணாச்சி, பேனாவா? பெரியோர்களே, தலைவர் பேனா கேட்கிறார்! இந்தாங்க... எழுதுகிறார். சுடலைக்கண்ணு என்று எழுதிவிட்டார்!

ஏன் நிறுத்திட்டீங்க அண்ணாச்சி?

"தகப்பன் பேரு கேட்டுருக்கே. என்னளா அவங்க அப்பா பேரு?"

...தெரியவில்லை. டிக்சன், உனக்கு? ரோச், உனக்கு? பெரியவர்களே, உங்களில் யாருக்காவது? மூன்று ஆண்டுகள் நம்மோடு ஓடியவன். அவன் மூச்சை அளந்தேன், வேகத்தை அளந்தேன், இதை நானும் கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஏலே சுடலைக்கண்ணு, அங்கன ஏன் ஒலிபெருக்கி மறைவுல நிக்க? மேல வா. செருப்பு கிடக்கட்டும், அப்படியே வா. அண்ணாச்சி, பேனாவ அவன்கிட்டயே குடுங்க.

எழுதிவிட்டான். தலைவர் அதை மைக்கில் வாசிக்கிறார், கேளுங்கள்.

"தாணுலிங்கம் மகன் சுடலைக்கண்ணு."

இன்னொரு தடவை அண்ணாச்சி, பின்வரிசைக்கும் கேட்கட்டும்.

"தாணுலிங்கம் மகன் சுடலைக்கண்ணு!"

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, மைதானத்தில் நீங்கள் தொண்டை கிழியக் கத்த வேண்டிய பெயர் இது. தோற்றாலும் கத்துங்கள். பொறுத்துக் கேட்டவர்களுக்கு நன்றி, குறுக்கே பேசியவர்களுக்கு அதைவிட நன்றி. கையெழுத்தின் மை காயும்வரை அண்ணாச்சியை யாரும் இடிக்காதீர்கள். போய் வருகிறேன், வணக்கம்!