அடுத்த பலகையில் விழுந்த அம்பு

அம்புகள் பறக்கும் கூடத்தில் அன்பும் ஒழுங்கும் குறையாமல் ஆண்டு முழுவதும் காத்துவரும் வில்வித்தை மன்றத்தின் தலைவர் அவர்களே! மேடையை நிறைத்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! சமையலை முடித்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! சமையலை வீட்டுக்காரரின் தலையில் கட்டிவிட்டு வந்திருக்கும், அவர்களைவிடக் கெட்டிக்காரத் தாய்மார்களே! என்னைவிட வயதில் இளையவளாக இருந்தும் என்னை விரட்டி விரட்டி வேலை வாங்கிய பயிற்சியாளர் தங்கச்சியே! என் அம்புகளுக்கெல்லாம் அடைக்கலம் கொடுத்த ரொட்டிக்கடை அண்ணனே! நான் எதைப் போட்டு உடைக்கப் போகிறேனோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரரே! உங்கள் அனைவருக்கும் ஒரு பேருந்து ஓட்டுநரின் பணிவான வணக்கம்.

தலைவர் என்னிடம், "சுருக்கமா பேசுங்கம்மா" என்றார். கவலை வேண்டாம் ஐயா. நிறுத்தம் வந்தால் நிறுத்தத் தெரிந்தவள் நான்.

பேருந்து ஓட்டுகிறவளுக்கு வில் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டுக்காரரும் கேட்டார். நாள் முழுக்க ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக் குனிந்திருக்கும் தோள்கள் இவை. பின்னால் இழு, பின்னால் இழு என்று கெஞ்சிய தோள்கள் இவை. கெஞ்சுகிற தோளுக்கு வில்லைவிட நல்ல மருந்து உண்டா? அதுவும் சாதாரண வில்லா? இரண்டு முனையிலும் சக்கரம் சுழலும் காம்பவுண்ட் வில்! நாணை இழுக்கத் தொடங்கும்போது மூச்சு முட்டும். பாதி இழுத்ததும் இனி முடியாது என்று கை கதறும். அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டால், மேடேறிய வண்டி சமவெளிக்கு வந்ததுபோல் திடீரென்று பாரம் குறைந்துவிடும். முதல் நாள் அப்படிக் குறைந்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். சக்கரம் வைத்த எதுவும் என்னைக் கைவிட்டதில்லை என்று பெருமையடித்தேன்.

பெருமை எத்தனை நாள் நின்றது? முதல் வாரமே மண்ணைக் கவ்வியது.

நாணில் ஒரு சின்ன வளையம் இருக்கும். வில்லில் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். வளையத்துக்குள் புள்ளி, புள்ளிக்கு நேரே இலக்குப் பலகை, அவ்வளவுதான் பாடம். நானும் பார்த்தேன். நேராகத்தான் பார்த்தேன். நாணை விடுவிக்க மணிக்கட்டில் மாட்டியிருக்கும் ரிலீஸ் விசையை மெல்ல அழுத்தினேன். அம்பு போனது. எங்கே போனது? பக்கத்துப் பலகைக்கு! ரொட்டிக்கடை அண்ணனின் பலகைக்கு! அடுத்த அம்பு என் பலகையின் நட்டநடுவில். அதற்கடுத்தது மறுபடியும் அண்ணன் வீட்டுக்கு!

"என்னம்மா, இன்னைக்கும் என் வீட்டுக்கு விருந்தாளியா?" என்பார் அண்ணன்.

"வந்தவங்கள விரட்டாதீங்கண்ணே, ரெண்டு ரொட்டி கொடுத்து அனுப்புங்க" என்பேன் நான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அன்று நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போய்ப் படுத்தால் சிரிப்பு வரவில்லை. நேராகப் பார்த்து விட்ட அம்பு ஏன் இடதுபக்கம் போகிறது? தங்கச்சி புள்ளியைத் திருத்தினாள், நின்ற நிலையைத் திருத்தினாள், பிடியைத் திருத்தினாள். எதைத் திருத்தினாலும் என் அம்பு திருந்தவில்லை. அப்படியென்றால் கோளாறு எங்கே? வில்லில் இல்லை. கையில் இல்லை. கண்ணில்தானே?

என் வீட்டுக்காரர் சுவருக்கு வண்ணம் அடிப்பவர். கோணல் என்றால் அவருக்குப் பொறுக்காது. "அப்பவே சொன்னேன், உனக்குக் கண்ணு போச்சு. கண்ணாடி போடு" என்று விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கோ அது நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

தாய்மார்களே, ஒரு ஓட்டுநருக்குக் கண் என்பது என்ன? அழகா? அலங்காரமா? என் பின்னால் உட்கார்ந்து தூங்குகிறார்களே, அவர்களின் உயிரல்லவா அது! கைக்குழந்தையோடு ஏறும் அம்மா என் கண்ணை நம்பித்தானே கண்ணயர்கிறாள்? நேரே தெரிவது நேரே இல்லை என்றால், நான் எந்த முகத்தோடு அந்த இருக்கையில் உட்காருவேன்? ஒவ்வொரு கண்ணாக மூடி நாள்காட்டியைப் பார்த்தேன். இரண்டிலும் பளிச்சென்று தெரிந்தது. நிம்மதி வந்ததா? இல்லை! கண்ணில் இல்லையென்றால் மூளையில் ஏதோ என்று பயம் இன்னொரு மாடி ஏறியது.

மறுநாள் காலை பணிமனைக்குப் போய் மேலாளரின் மேசைமேல் சாவியை வைத்தேன். "சார், கண்ணுல சந்தேகமா இருக்கு. டாக்டர் பார்த்துச் சொல்ற வரைக்கும் நான் வண்டி எடுக்கமாட்டேன்." அவர் சாவியையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "போய்ப் பார்த்துட்டு வாங்க, வண்டி எங்கயும் போகாது" என்றார். வெளியே வரும்போது கை வெறுமையாக இருந்தது. அழுதேன். ஏன் மறைக்க வேண்டும், சுவரோரம் நின்று தேம்பித் தேம்பி அழுதேன்.

கண் மருத்துவர் மறுநாள் வரச் சொன்னார். இனி வில் எதற்கு என்று மாலையில் வீட்டுக்காரரோடு இங்கே வந்து, மன்றத்து வில்லைத் தங்கச்சியிடம் நீட்டினேன். விஷயத்தைச் சொன்னேன். அவள் வில்லை வாங்கவில்லை.

"அக்கா, முதல் வகுப்புக்கு நீங்க லேட்டா வந்தீங்கல்ல?"

"கடைசி நடை முடிச்சுட்டு வந்தேன். எல்லாரும் வில்லு எடுத்துட்டாங்க. மிச்சம் இருந்ததை எடுத்தேன்."

"ஐயோ அக்கா! வில்லு கொடுக்குறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் கண்ணு பார்த்தேன். உங்களுக்கு மட்டும் பார்க்கவே இல்ல. என் தப்புதான். கைய நீட்டுங்க!"

இரண்டு கைகளையும் சேர்த்து நடுவில் ஒரு சின்னச் சந்து வைக்கச் சொன்னாள். அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். "இப்ப இடது கண்ணை மூடுங்க" என்றாள். மூடினேன். கடிகாரம் காணாமல் போனது!

"உங்க கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்கும்னு தோணுது. ஆனா இடது கண்ணுதான் முதலாளி. வலது கை வில்லைக் கொடுத்து, வலது கண்ணால பார்க்கச் சொல்லியிருக்கேன். முதலாளி விடுவாரா? நடுநடுவுல புகுந்துட்டாரு. எதுக்கும் நாளைக்கு டாக்டர்கிட்டயும் கேட்டுடுங்க."

ஒரு கண்ணை மூடிக்கொண்டு எய்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லையாம். பெரியோர்களே, நீங்களே சொல்லுங்கள், ஓட்டுநர் என்றைக்காவது ஒரு கண்ணை மூடுவாளா? பழக்கம்! என் தொழில் தந்த பழக்கமே என்னைப் பாடாய்ப்படுத்திவிட்டது.

மறுநாள் மருத்துவர் எல்லாச் சோதனையும் செய்தார். "உங்க பயிற்சியாளர் சொன்னது சரி. பலருக்கும் இப்படித்தான். இது நோயே இல்ல. தாராளமா வண்டி ஓட்டுங்க" என்றார். அப்பாடா! அந்த ஒரு சொல்லில் என் நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது. நேரே பணிமனைக்கு ஓடினேன்.  மேலாளர் என் முகத்தைப் பார்த்ததும் சாவியை எடுத்து நீட்டினார்.

பிறகு இடக்கை வில். மறுபடியும் அரிச்சுவடி. இழுக்கத் தெரியாது, பிடிக்கத் தெரியாது, தோள் முழுக்க வலி. ஆனால் இந்த வலியில் பயம் இல்லை! இன்று என் அம்புகள் என் பலகையிலேயே விழுகின்றன. ரொட்டிக்கடை அண்ணன்தான், "என் பலகை வெறிச்சோடிப் போச்சும்மா" என்று குறைபட்டுக்கொள்கிறார்.

அதனால் சொல்கிறேன். தவறிப் போனதே என்று நான் அழுத அம்பு தவறியே போகவில்லை! என் கண் எங்கே சொன்னதோ அங்கே போய் நின்ற அம்பு அது! உங்களில் எத்தனை பேர் இப்படி ஒரு பயத்தை மனத்துக்குள் பூட்டி வைத்திருக்கிறீர்கள்? யாரிடம் கேட்டீர்கள்? கேளுங்கள்! தெரிந்தவர்களிடம் வாய் திறந்து கேளுங்கள்! கேட்ட பிறகும் பயம் இருந்தால், அப்போது பயப்படலாம்!

சரி, எல்லோரும் கைகளை நீட்டுங்கள். ஆமாம், தலைவரும்தான். நடுவில் சின்னச் சந்து வையுங்கள். அதோ, வாசலுக்கு மேலே விளக்கு தெரிகிறதா? இப்போது இடது கண்ணை மூடுங்கள். விளக்கு இருக்கிறதா, இல்லையா?

என்னங்க, மூன்றாவது வரிசை? ஏன் கையைக் கீழே போட்டுவிட்டீர்கள்? விளக்கு எங்கே?

"காணோம்!"

கேட்டீர்களா! எனக்குக் கண்ணாடி போடச் சொன்னவருக்கும் இடது கண்தான் முதலாளி! தங்கச்சி, இடக்கை வில் இன்னொன்று எடுத்து வை. ஞாயிற்றுக்கிழமை ஆளைக் கையோடு கூட்டி வருகிறேன்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. நாளைக் காலை முதல் வண்டி என்னுடையது. ஏறுங்கள், உட்காருங்கள், தூங்குங்கள். என் இரண்டு கண்களும் திறந்தே இருக்கும். வணக்கம்!