ரோடு இல்லாத தலைநகரம்

— கொடியில எத்தனை நட்சத்திரம்?

— அஞ்சு.

— சரி. அலாஸ்காவ அமெரிக்காக்காரன் யாருகிட்ட வெலைக்கு வாங்குனான்?

— கனடாட்ட.

— தலைநகரம்?

— ஆங்கரேஜ். எங்கட சாரின்ர வீடு இருக்கிற ஊர். பாண்டித்துரை, நான் ஒரு கேள்வி கேக்கட்டே?

— கேள்வி கேக்குறது நான். நீங்க பதில் சொல்ற ஆளு, சிவமலர்.

— இல்லை, விசா குடுக்கிற வெள்ளைக்காரர் உண்மையாவே இதெல்லாம் கேப்பாரோ? சமைக்கத் தெரியுமோ, பிள்ளையளைப் பாப்பியோ எண்டெல்லோ கேக்கோணும்.

— இந்த அரபு நாட்டுல லைசென்ஸ் எடுக்கப் போனா சிக்னல் டெஸ்ட் வைக்கிறானா இல்லையா? போர்டக் காட்டி இது என்ன, அது என்னங்கிறான். வண்டி ஓட்டுறதுக்கே அம்புட்டுக் கேட்டா, ஊருக்குள்ள விடுறதுக்குக் கேக்க மாட்டானா? எங்க ரூம்ல எல்லாரும் அதத்தான் சொன்னாங்க.

— உங்கட நஜ்மாத் தெரு ரூமில ஆராவது அமெரிக்கா போய் வந்தவையோ?

— ஒருத்தன் போயிருக்கான்... இந்த எம்பசி வாசல் வரைக்கும்.

— பகிடி விடாதேங்கோ. நேரம் என்ன?

— எட்டரைக்குத்தான கூப்பிடுவாங்க. இன்னும் இருபது நிமிசம் கெடக்கு. ஏசியக் கூட்டவா?

— வேண்டாம். கை ஏற்கெனவே விறைச்சுப் போச்சு. நீங்கள் கேளுங்கோ.

— வடக்குக் கோடியில ஒரு ஊரு. கார்த்திகையில அங்க சூரியன் எறங்குனா...

— அறுபத்தைஞ்சு நாளைக்கு எழும்பாது. கோடையில எண்பது நாள் மட்டில படுக்காது. பிள்ளையள் எப்பிடி நித்திரை கொள்ளுங்கள் எண்டு மேடத்தைக் கேட்டன். யன்னலுக்குக் கறுப்புச் சீலை போடுவினமாம்.

— நம்ம நைட் டூட்டிக்காரன் ஜன்னல்ல அலுமினியத் தாள ஒட்டிட்டுப் பகல்ல தூங்குறான்ல, அந்த மாதிரி. பெறகு கரடி. குப்பத் தொட்டிக்கு வருமாம். மூஸ்னு ஒரு மானு, குதிரைய விட ஒசரம், நடுரோட்டுல வந்து நின்னா வண்டிய நிப்பாட்ட வேண்டியதுதான்.

— கரடி, குளிர், இருட்டு. நாலு நாளாப் பயமானதை மட்டும் தேடித் தேடிச் சொல்லுறியள்.

— கொசு இன்னும் சொல்லல. கொசுதான் எங்க மாநிலத்துப் பறவைன்னு அந்த ஊருக்காரங்களே சிரிச்சுக்குவாங்களாம்.

— நான் நல்லது ஒண்டு சொல்லட்டே? வெயில் விடாமல் எறிக்கிறதால அங்க ஒரு கோவா நூறு ராத்தலுக்கு மேல முத்துமாம். சந்தையில போட்டிக்கு வைப்பினமாம்.

— கோவான்னா... முட்டைக்கோசா? நூறு ராத்தல் கோசையா?

— ஓம். மேடம் படம் காட்டினவ. பக்கத்தில ஒரு பிள்ளை நிக்குது, கோவா பெரிசாத் தெரியுது.

— அதை அரியிறதுக்குத்தான் உங்களக் கூட்டிட்டுப் போறாங்க போல.

— உங்களுக்கும் வேலை இருக்கு அங்க. நாய் பூட்டின வண்டி ஓட்டுறதுதான் அந்த மாநிலத்து விளையாட்டாம்.

— நல்லதாப் போச்சு. நாய்க்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்க வேணாம். சரி, இதக் கேளுங்க, இது எனக்கே புடிச்சது. கடல்ல ரெண்டு தீவு. நடுவுல நாலு கிலோமீட்டர்தான் தண்ணி. இங்குட்டு இருக்கிறது அமெரிக்கா, அங்குட்டு ரஷ்யா. இங்க நின்னு பாத்தா இன்னிக்கு, எதுத்தாப்புல தெரியிறது நாளைக்கு.

— நாளைக்கு எண்டா?

— தேதிக் கோடு நடுவுல போகுதாம். இங்க சனிக்கிழமைன்னா அங்க ஞாயிறு. லீவு போட்டவன் அங்குட்டும் இங்குட்டும் நீந்துனாப் போதும்.

— ரஷ்யா அவ்வளவு கிட்டவோ... அப்ப ரஷ்யாட்ட வாங்காமல் கனடாட்ட ஏன் வாங்கினவை?

— அது... பக்கத்து வீட்டுக்காரன்னா எல்லாரும் வீட்ட விப்பானா?

— அதுவும் சரிதான். சாரின்ர சின்னவன் ஃப்ரிட்ஜில ஒட்டின கொடியில நட்சத்திரம் கூடக் கிடந்த மாதிரி இருந்துது.

— அது காந்தம் வச்ச பொம்மைக் கொடி. எண்ணிப் பாத்தீங்களா?

— நான் துடைக்கிறதோட சரி.

— அப்புறம் என்ன. அஞ்சுன்னே சொல்லுங்க. தைரியமாச் சொல்லணும்.

— பாண்டித்துரை... பிழையாச் சொன்னா விசா இல்லையோ?

— இல்லன்னா இல்ல. ஒண்ணும் குடி முழுகிப் போகாது. சார் இங்கனயே வேற வீட்டுல சொல்லிச் சேத்து விடுவாரு. அந்த வீட்டுக்கும் டிரைவர் வேணும்னா நானும்...

— ஆர் சொன்னது உங்களுக்கு, வேற வீடு எண்டு?

— எல்லாரும் அப்படித்தான செய்யிறாங்க. ஆள விடுறேன்னு ஒரு ரிலீஸ் பேப்பர் எழுதிக் குடுத்தா முடிஞ்சு போச்சு.

— உங்களது கம்பெனி விசா. ஆள் மாறினாலும் டிரைவர் டிரைவர்தான். என்ரது வீட்டு விசா. சார் நாட்டை விட்டு வெளிக்கிட்டா அதுவும் முடிஞ்சுது, மாத்த ஏலாதாம். நேற்றுப் பின்னேரம் கூப்பிட்டு இருத்திச் சொன்னவர். எம்பசியில இல்லையெண்டா வாற வெள்ளி கொழும்புக்கு டிக்கெட்.

— வெள்ளியா? இந்த வெள்ளியா?

— ஓம். அவையள் வெளிக்கிட முதல் நான்.

— கொழும்புல எறங்கி ஊருக்குப் போயிர மாட்டீங்களா?

— சண்டையால யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டி ஒரு வருசமாகுது. கப்பலுக்குப் பதிஞ்சிட்டு மாசக்கணக்கா நிக்குதுகள் சனம். கொழும்பில எனக்கு ஆரும் இல்லை. ஒரு லொட்ஜ் அறையில கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கோணும், பொலிஸ் வந்து தட்டுமட்டும். அம்மா அங்க, நான் இங்க, காசு அனுப்ப ஒருத்தரும் இல்லை.

— இத ஏன் நேத்தே சொல்லல?

— உங்களுக்குச் சொல்லி என்ன ஆகும்?

— எனக்குத்தான் சொல்லணும். எனக்கு மொதல்ல சொல்லியிருக்கணும்.

— ஏன் முகம் இப்பிடிப் போகுது? தண்ணி குடியுங்கோ... அங்க பாருங்கோ, கேற் திறந்திட்டாங்கள். லைன் கட்டினம். இந்தாங்கோ என்ர ஃபோன், உள்ளுக்குக் கொண்டுபோக விடாங்களாம். கைப்பையையும் வைச்சிருங்கோ. போட்டு வாறன்.

— சிவமலர்... கொஞ்சம் இருங்க.

— நேரம் இல்லை. அம்மாளாச்சி, காப்பாத்து. அஞ்சு, கனடா, ஆங்கரேஜ். அஞ்சு, கனடா...

— மலரு, நில்லு. ரஷ்யா.

— என்ன?

— ரஷ்யாகிட்டதான் வாங்குனாங்க. நட்சத்திரம் எட்டு. ஏழு சப்தரிஷி, எட்டாவது துருவ நட்சத்திரம். பதிமூணு வயசுப் பய ஒருத்தன் வரைஞ்ச கொடி. தலைநகரம் ஜூனோ. வேற ஊர்லேருந்து அதுக்கு ரோடே கெடையாது, கப்பல்ல போகணும், இல்ல பிளேன்ல போகணும்.

— நாலு நாளா வேற மாதிரியெல்லோ...

— எங்க ரூம் துஷாந்தன் கம்ப்யூட்டர் கடையில படிச்சுச் சொன்னான், நான்தான் மாத்தி எழுதிட்டேன். தப்பு. ரஷ்யா, எட்டு, ஜூனோ. திருப்பிச் சொல்லு.

— ரஷ்யா. எட்டு. ஜூனோ.

— போ. வெரசாப் போ.

— கதவை விட்டாத்தானே போகலாம்.

*

— உள்ளுக்க ரெண்டு மணி நேரம். எங்க நிண்டனீங்கள்? வெயிலுக்க நிண்டு கண் பூத்துப் போச்சு.

— போலீஸ்காரன் நிக்க விடல. ஏழு சுத்து சுத்திட்டேன். ஏறுங்க. என்ன ஆச்சு?

— ரேகை விழேல்லை.

— என்ன ரேகை?

— விரல் அடையாளம். ஒரு கண்ணாடியில வைக்கச் சொல்லிச்சினம். வீடு கழுவுற க்ளோராக்ஸில தேய்ஞ்ச விரல், மெசினுக்கு ஒண்டும் தெரியேல்லை. துடைச்சுத் துடைச்சு அஞ்சு தரம் வைச்சன். கவுண்டரில இருந்த பெட்டை தன்ர கைக்குப் பூசுற கிறீமைத் தந்து பூசச் சொன்னா. பேந்துதான் விழுந்துது.

— அது கெடக்கட்டும். கேள்வி? ஜூனோ கேட்டாங்களா?

— இல்லை.

— நட்சத்திரம்?

— ஒரு நட்சத்திரமும் கேக்கேல்லை. அலாஸ்கா எண்ட சொல்லே அவர் வாயில வரேல்லை.

— அம்புட்டும் வீணா?

— வீண் எண்டு ஆர் சொன்னது. தண்ணி தாங்கோ.

— இந்தாங்க. ஆமா, பாஸ்போர்ட் எங்க? கையில காணோம்.

— வாங்கி வைச்சிட்டினம். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுக்கட்டாம்.

— வாங்கி வச்சுக்கிட்டாங்களா... அப்ப கெடைச்சிருச்சு. இல்லைன்னா அப்பவே கையில திருப்பிக் குடுத்துருவாங்க.

— ஓம். கிடைச்சிட்டுது.

— நல்லது. நல்லதுதான். ஸ்வெட்டர் வாங்கணும். இந்த ஊர்ல ஸ்வெட்டர் எவன் விக்கிறான்... எத்தன வருசம்?

— ரெண்டு. ரோட்டைப் பாத்து ஓட்டுங்கோ. சிக்னல் சிவப்பு.

— பாத்துட்டேன். அப்ப என்னதான் கேட்டான் அவன்?

— சமையல், சம்பளம், பிள்ளையளின்ர பேர். கடைசியா ஒண்டு கேட்டார். "வேலை முடிஞ்சா நீ அங்கயே நிண்டிட மாட்டாய் எண்டதுக்கு என்ன சாட்சி? காணி இருக்கோ, வீடு இருக்கோ, திரும்பி வர உனக்கு ஆர் இருக்கினம்?" எண்டு.

— காணியா? அந்தக் குண்டு விழுந்து இடிஞ்ச வீடா?

— அதைச் சொன்னா விசா தருவாரோ. அதை விடுங்கோ. பாண்டித்துரை, மூண்டு வருசமா அந்த ஃப்ரிட்ஜை நான் துடைக்கிறன். அந்தக் கொடியில எத்தனை நட்சத்திரம் எண்டு எனக்குத் தெரியாதோ?

— எண்ணலைன்னுதான சொன்னீங்க?

— முதல் நாளே தெரியும். சாரின்ர பெரியவளின்ர அறையில அலாஸ்கா வரைபடம் தொங்குது, தலைநகரம் ஜூனோ எண்டு சிவப்பில போட்டிருக்கு. துஷாந்தன் பிழையாப் படிக்கேல்லை. நீங்கள் பிழையா எழுதவும் இல்லை.

— தெரிஞ்சுமா நாலு நாளா அஞ்சு, அஞ்சுன்னு சொன்ன?

— வேற எப்பிடிப் பாக்கிறது, என்னை மறிக்க எவ்வளவு தூரம் போறியள் எண்டு.

— திட்டு. வேணும்னா செருப்பால அடி. வண்டிய ஓரங்கட்டட்டுமா?

— ஓட்டுங்கோ. பள்ளிக்கூடம் விடமுதல் போகோணும்.

— சிவமலர்... அந்தக் கடைசிக் கேள்விக்கு என்ன சொன்ன?

— நேற்று மேடம் சொல்லித்தந்தவ. ஆராவது ஒருத்தர் காத்திருக்கிறார், வந்து கலியாணம் எண்டு சொல்லு, அப்பதான் நம்புவினம் எண்டு. அப்பிடியே சொன்னன். வெளியில காருக்க நிக்கிறார் எண்டன். பேரையும் கேட்டவர், சொன்னன்.

— எம்பேரையா... விசாவுக்காகச் சொன்ன பொய்யிதான அது?

— காலமை எட்டு மணிக்குப் பொய்தான். பிறகு நீங்கள் கதவைப் பிடிச்சுக்கொண்டு நான் போறதுக்கு வழி சொன்னியளே, ரஷ்யா, எட்டு, ஜூனோ எண்டு... உள்ளுக்க அவர் கேக்கேக்க நான் பொய் சொல்லேல்லை.